ஸ்ரீராமபுரம் பட்டறையில் ஒரு செயின் பிளாக்: சுமையைக் கூரையிலிருந்து தரைக்கு மாற்றிய நிகழ்வு ஆய்வு

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் இயங்கும் கார் பழுதுபார்க்கும் பட்டறையில், கைச்சங்கிலியை இழுத்து எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை எதிலிருந்து தொங்கவிடுவது என்ற கேள்விக்குக் காணப்பட்ட விடையை இக்கட்டுரை பதிவு செய்கிறது. பட்டறையை நடத்துபவர் வாணியம்பாடியிலிருந்து வந்து இந்நகரில் நிலைத்தவர். கட்டடத்தின் உரிமையாளர் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார். பட்டறைக்கு நேர் மேலே, முதல் மாடியில், வாடகைக்கு ஒரு குடும்பம் வசிக்கிறது. அந்தக் குடும்பத்தைத் தொடக்கத்திலேயே குறிப்பிடக் காரணம் உண்டு. கீழே தூக்கப்பட்ட ஒவ்வொரு எஞ்சினும் அவர்கள் வீட்டுத் தரையைத்தான் பற்றித் தொங்கியது. அது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் என்னை அழைத்தவர் வீட்டு உரிமையாளர். டீசல் வண்டி ஒன்றின் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்த்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, செயின் பிளாக் மாட்டியிருந்த ஃபேன் ஹூக்கைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குக் கூரைப் பூச்சு பெயர்ந்து பானெட்டின் மேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, "பூச்சுதான் விழுந்தது, ஹூக் அப்படியேதான் இருக்கு" என்று வேலையைத் தொடர முனைந்த பட்டறைக்காரரை உரிமையாளர் தடுத்து நிறுத்தியிருந்தார். அதன்பின் இருவருக்கும் இடையே எழுந்த விவாதத்தில் பட்டறைக்காரர் முன்வைத்த வாதத்தைப் பின்னர் என்னிடமும் கேட்டார்: "ஒரு டன் தாங்கும்னு பிளாக்கிலேயே பொறிச்சிருக்கே சார், எஞ்சின் முந்நூறு கிலோகூட இல்லையே, அப்புறம் என்ன?"

நியாயமான கேள்விதான். இந்த ஆய்வு முழுவதும் ஒருவகையில் அக்கேள்விக்கான பதிலே. பிளாக்கின் மேல் பொறிக்கப்பட்ட எண், மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் இடையில் இருப்பவற்றை மட்டுமே குறிக்கும். மேல் கொக்கி எதில் மாட்டப்பட்டுள்ளது, அது எதில் பதிந்துள்ளது, அதைத் தாங்குவது எது என்பவற்றைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதைவிட முக்கியமான இன்னொரு செய்தியும் அந்த எண்ணில் இருக்கிறது; அதைப் பட்டறைக்காரரோ உரிமையாளரோ கவனிக்கவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கூரையில் கண்டவை

கட்டடத்துக்கு வரைபடம் ஏதும் கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டது என்பதும், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற பழைய கலவை விகிதத்தில் கான்கிரீட் போடப்பட்டது என்பதும் உரிமையாளரின் நினைவிலிருந்து கிடைத்த தகவல்கள். அந்த விகிதம், கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் தரவரிசையில் எம் 15 தரத்துக்கு ஒப்பானது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 20 தரம் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்துதான் வற்புறுத்துகிறது; ஆகவே கட்டியவர்களைக் குறைசொல்ல இடமில்லை. கணக்குக்கு எம் 15 என்றே எடுத்துக்கொண்டேன்.

கழிவுநீர்க் குழாய் இறங்கும் துளையின் ஓரத்தில் கூரைத் தளத்தின் கனத்தை அளக்க முடிந்தது. பூச்சு நீங்கலாக 110 மில்லிமீட்டர் இருந்தது. கீழ்ப்பூச்சு 18 மில்லிமீட்டர். ஹூக்கைச் சுற்றிப் பூச்சை மேலும் சற்று நீக்கிப் பார்த்தபோது, ஹூக் 10 மில்லிமீட்டர் சாதாரண இரும்புக் கம்பியால் வளைக்கப்பட்டது என்பதும், அதைச் சுற்றி நூலிழை போன்ற விரிசல் ஒன்று வளையமாக ஓடுவதும் தெரிந்தன. ஹூக்கின் வாய் ஒருபுறமாகச் சற்று நிமிர்ந்திருந்தது. பட்டறைக்காரர் சொன்னதுபோல் அது "அப்படியே" இருக்கவில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது ஹூக்கிலிருந்து ஓரடி தள்ளியிருந்த பழுப்புக் கறை. அந்த இடத்துக்கு மேலே முதல் மாடிக் குளியலறை. நீர்க்கசிவு பல ஆண்டுகளாக இருந்திருக்க வேண்டும், ஏனெனில் தளத்தின் அடிக்கம்பி ஒன்றில் துரு செதிலாக உரிந்து வந்தது. துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளும். அந்நிலையில் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பை நம்ப முடியாது. பூச்சைத் தட்டிப் பார்த்ததில் கறையைச் சுற்றிப் பொள்ளல் ஓசை கேட்ட பரப்பு, கறையைவிடப் பெரிதாக இருந்தது.

கூரை உண்மையில் சுமந்தது எவ்வளவு

தூக்கப்பட்ட எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்ததில் 270 கிலோ வந்தது. பிளாக்கின் சொந்த எடையையும், கைச்சங்கிலியைக் கீழ்நோக்கி இழுக்கும் ஆளின் விசையையும் கூட்டினால் கூரைக்கு வரும் சுமை 300 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். கைச்சங்கிலியின் இழுப்பும் கூரையில்தான் விழுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது சிறியது என்றாலும் கணக்கில் உண்டு.

ஆனால் ஹூக்கை நிமிர்த்தியது 300 கிலோவாக இருக்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. அன்று என்ன நடந்தது என்று உதவியாளராக இருக்கும் பையனிடம் தனியாகக் கேட்டபோது விடை கிடைத்தது. எஞ்சினின் மவுண்டிங் போல்ட் ஒன்று கழற்றப்படாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிளாக்கை இழுக்க இழுக்க எஞ்சின் வரவில்லை. காரின் முன்பக்க ஸ்பிரிங்குகள் நிமிர்ந்து வண்டியே எழும்பத் தொடங்கியது. "அண்ணன் இன்னும் ரெண்டு இழுப்பு இழுன்னாரு, இழுத்தேன், அப்பதான் பூச்சு விழுந்துச்சு" என்றான் அவன்.

இங்குதான் நான் முன்பு குறிப்பிட்ட செய்தி வருகிறது. கூரைக்கு வரும் சுமையை எஞ்சினின் எடை தீர்மானிப்பதில்லை. பிளாக்கின் திறன் தீர்மானிக்கிறது. செயின் பிளாக்கின் பற்சக்கர அமைப்பு ஓர் ஆளின் கை இழுப்பைப் பல மடங்காக்குகிறது. ஒரு டன் பிளாக்கில் முழுச் சுமையைத் தூக்க ஏறக்குறைய 30 கிலோ அளவு கை இழுப்பே போதும். எஞ்சின் எங்காவது சிக்கிக்கொண்டால், இழுப்பவர் தன்னை அறியாமலேயே கூரையின் மேல் ஒரு டன்னை ஏற்றிவிடுவார். இருவர் சேர்ந்து இழுத்தால் அதற்கும் மேல் போகும். ஆகவே 270 கிலோ தூக்கவேண்டிய இடத்தில் ஒரு டன் பிளாக்கை மாட்டுவது பாதுகாப்பை மும்மடங்காக்குவதாக எண்ணுவது தலைகீழான கணக்கு. பிளாக் பெரிதாகப் பெரிதாக, அதைத் தாங்கும் அமைப்பு சந்திக்கக்கூடிய சுமையும் பெரிதாகிறது. தேவைக்குச் சற்று மேலான திறனுள்ள சிறிய பிளாக்கே பாதுகாப்பானது. இந்த ஒரு புள்ளியை ஏற்றுக்கொள்ள வைக்கப் பட்டறைக்காரரிடம் பேசிய நேரம், பின்னால் செய்த எல்லாக் கணக்குகளுக்கும் ஆன நேரத்தைவிட அதிகம். ஒருவழியாக அரை டன் பிளாக்குக்கு அவர் சம்மதித்தார். அவர் பட்டறைக்கு வரும் வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 350 கிலோவைத் தாண்டுபவை இல்லை.

உரிமையாளரிடமும் ஒரு கணக்கு இருந்தது. குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி அமைக்கப்படுகிறது என்பதை அவர் எங்கோ படித்திருந்தார்; கட்டடச் சுமைகளுக்கான ஐ.எஸ். 875 விதித்தொகுப்பின் இரண்டாம் பகுதி சொல்வதும் அதுவே. பட்டறையின் பரப்பு 11 சதுர மீட்டர் என்பதால், தளம் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் என்று அவர் பெருக்கி வைத்திருந்தார். அந்த 200 கிலோ, பரப்பெங்கும் சீராகப் பரவும் சுமைக்கானது. அதிலும் பெரும்பகுதியை மேலே குடியிருப்பவர்களின் கட்டிலும் பீரோவும் ஆட்களும் ஏற்கெனவே தமக்கென எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுச் சுமையும் உள்ளங்கை அகலமான ஓர் இடத்தில் கீழ்நோக்கி இழுக்கும்போது, அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள சில கம்பிகளும் சிறிதளவு கான்கிரீட்டுமே அதை எதிர்கொள்கின்றன. நல்ல நிலையிலுள்ள, கம்பி விவரம் தெரிந்த, கனமான தளம் என்றால் சில நூறு கிலோ புள்ளிச் சுமையைத் தாங்கவும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. இந்தத் தளத்தின் கம்பி விவரம் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரு கம்பியோ துருப்பிடித்திருந்தது.

ஆங்கர் போல்ட் என்ற யோசனை

ஃபேன் ஹூக்கை விட்டுவிட்டு, கூரையில் தடித்த இரும்புத் தகடு ஒன்றை, கான்கிரீட்டில் துளையிட்டுப் பதிக்கும் நான்கு ஆங்கர் போல்ட்களால் பொருத்தி அதில் பிளாக்கை மாட்டலாம் என்பது பட்டறைக்காரரின் அடுத்த யோசனை. எஸ்.பி. ரோட்டில் போல்ட்டைக்கூட விசாரித்து வந்திருந்தார். கடைக்காரர் ஒவ்வொன்றும் ஒரு டன் தாங்கும் என்று சொன்னதால், நான்கும் சேர்ந்து நான்கு டன் என்பது அவர் எதிர்பார்ப்பு. வீட்டுக் கராஜ்களிலும் சிறு பட்டறைகளிலும் பெரும்பாலோர் கையாளும் முறை இதுவே என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

கான்கிரீட்டில் பதித்த போல்ட்டைக் கீழ்நோக்கி இழுத்தால், போல்ட் அறுவதற்கு வெகு முன்பே கான்கிரீட் உடைந்து வரக்கூடும். போல்ட்டின் உள்முனையை உச்சியாகக் கொண்டு, கவிழ்த்து வைத்த புனல் வடிவில் ஒரு கான்கிரீட் கூம்பு பெயர்ந்து வரும். கூம்பின் வலிமை போல்ட்டின் தடிப்பைப் பொறுத்ததல்ல. பதிந்த ஆழத்தைப் பொறுத்தது, அதுவும் ஆழத்தின் ஒன்றரை அடுக்காக. ஆழம் பாதியானால் வலிமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். போல்ட்டின் பிடிப்பு ஆழத்தைப் போல் இரு மடங்காவது கான்கிரீட்டின் கனம் இருக்கவேண்டும் என்பது பொதுவான வரம்பு. 110 மில்லிமீட்டர் தளத்தில் ஆகவே 55 மில்லிமீட்டருக்கு மேல் செல்ல முடியாது. இனிப் பூச்சைக் கவனிக்கவேண்டும். 18 மில்லிமீட்டர் பூச்சை நீக்காமல் அதன் மேலேயே 55 மில்லிமீட்டர் துளையிட்டால், கான்கிரீட்டுக்குள் இறங்குவது 37 மில்லிமீட்டர் மட்டுமே. வலிமையில் ஏறக்குறைய பாதி அத்துடன் போய்விடும். பூச்சு எதையும் தாங்குவதில்லை.

நான்கு போல்ட் என்றால் நான்கு மடங்கு என்பதும் சரியல்ல. ஒவ்வொரு போல்ட்டின் கூம்பும் முழுமையாக உருவாக, போல்ட்களுக்கிடையே ஆழத்தைப் போல் மும்மடங்கு இடைவெளி தேவை. 55 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அது 165 மில்லிமீட்டர். கையடக்கத் தகட்டில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு போல்ட்கள் வைத்தால் கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரைப் போல்ட்டின் வேலையைத்தான் செய்யும். இதுவும் விரிசலில்லாத, தரமான கான்கிரீட்டில். தளத்தின் நடுப்பரப்பில் அதன் அடிப்பகுதி இழுவிசையில் இருப்பது. அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருப்பதே இயல்பு. விரிசல் போல்ட்டின் வழியாகச் சென்றால் பிடிப்பு மேலும் தளரும். கடைக்காரர் சொன்ன ஒரு டன், எந்தக் கான்கிரீட்டில், எந்த ஆழத்தில், எவ்வளவு பாதுகாப்பு விகிதத்தோடு என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்திருக்காது.

கெமிக்கல் ஆங்கர் போடலாமே என்ற கேள்வியும் எழுந்தது. பசையால் ஒட்டிய போல்ட்கள் தலைக்கு மேல் இடைவிடாத இழுவிசையைத் தாங்கவேண்டிய இடங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை என்பதற்கு இரண்டு துயரமான சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2006 ஜூலை 10 அன்று, சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் சரிந்து காரில் சென்ற பெண் ஒருவர் உயிரிழந்தார். எப்பாக்சி பசை நீடித்த இழுவிசையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து போல்ட்களை விட்டுவிட்டதே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. ஜப்பானின் சசாகோ சுரங்கப்பாதையில் 2012 டிசம்பர் 2 அன்று கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் மாண்டனர். அங்கும் பசையில் பதித்த போல்ட்கள் விட்டுக்கொடுத்திருந்தன. இன்றைய நல்ல தயாரிப்புகள் அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றவை என்றாலும், துளையைத் தூசியில்லாமல் துடைப்பது, ஈரமில்லாமல் வைப்பது, பசை இறுக உரிய நேரம் கொடுப்பது ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் அவற்றின் வலிமை ஏட்டோடு நின்றுவிடும். மேலே குளியலறை கசியும் தளத்தில் ஈரமில்லாத துளை கிடைக்காது.

கூரையில் தொங்கவிடுவதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. தளத்தை முழுவதுமாகத் துளைத்து, மேற்புறத்தில் அகலமான தகடு வைத்து, போல்ட்டை அதில் மாட்டித் தொங்கவிடுவது. அப்போது தளத்தின் முழுக் கனமும் சுமையைத் தாங்கும். மேலே மொட்டைமாடி என்றால் இதை ஆராய்ந்திருக்கலாம். மற்றவர் வீட்டுத் தரையில், அதுவும் நீர்புகாப் பூச்சைத் துளைத்து, இதைச் செய்ய இயலாது.

தள்ளுபடியான வேறு இரண்டு வழிகள்

சுவரில் கைவின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) பொருத்தி, கூரையில் ஒரு கப்பி மட்டும் மாட்டிக் கயிற்றை அதன்மேல் விடலாம், அப்போது கூரைக்குச் சுமை குறையும் என்று உரிமையாளரின் மைத்துனர் யோசனை சொன்னார். நடப்பது நேர்மாறு. ஒருபுறம் 300 கிலோ எஞ்சின் தொங்க, மறுபுறம் கயிறு நேர்கீழாக வின்ச்சுக்குச் சென்றால், கப்பியின் இரு பக்கமும் 300 கிலோ இழுக்கும். கூரை 600 கிலோ தாங்கவேண்டும். கயிறு கிடைமட்டமாகச் சென்றாலும் 420 கிலோவுக்கு மேல் வரும், அதுவும் சாய்வாக. செயின் பிளாக்கைவிடக் கூரைக்கு இது கூடுதல் பளு.

இரண்டாவது வழி ஏற்கத்தக்கதே. பட்டறையின் இருபுறமும் ஒன்பது அங்குல அகலமும் பதினைந்து அங்குல ஆழமும் உள்ள கான்கிரீட் உத்தரங்கள் ஓடுகின்றன. அவற்றின் பக்கவாட்டில் முழுமையாகத் துளைத்துத் தாங்கிகளைப் பொருத்தி, இடையே ஓர் இரும்பு ஐ பீமைக் கிடத்தினால், சுமை தளத்தைத் தொடாமல் உத்தரங்கள் வழியாகத் தூண்களுக்குச் செல்லும். உத்தரங்கள் நல்ல நிலையில் உள்ள வேறொரு கட்டடத்தில் இதையே நான் பரிந்துரைத்திருப்பேன். இங்கே ஓர் உத்தரத்தின் அடியில், கம்பியின் நீளவாக்கில் துரு விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்யாமல் புதிய சுமையை ஏற்ற முடியாது. சரிசெய்வதற்கோ மேல்மாடிக் குளியலறையை உடைத்து நீர்க்கசிவை நிறுத்தவேண்டும். உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொண்டார் என்றாலும், பட்டறை அதுவரை காத்திருக்க முடியாது.

தரையிலிருந்து எழுப்பிய சட்டம்

முடிவாக, கட்டடத்தின் எந்த உறுப்பிலும் எடையை ஏற்றாமல், தரையில் ஊன்றிய இரண்டு கால்களும் மேலே குறுக்காக ஒரு பீமும் கொண்ட இரும்புச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கால்களுக்கிடையே மூன்று மீட்டர். கார் அதற்குள் தாராளமாக நுழையும்.

கணக்கு எளிமையானது. தூக்கும் சுமை 500 கிலோ; பிளாக், அதைப் பீமின் நீளவாக்கில் நகர்த்தும் சக்கர ட்ராலி, கை இழுப்பு ஆகியவற்றுக்கு 40 கிலோ; மொத்தம் 540 கிலோ. தூக்கும் கருவிகளைத் தாங்கும் சட்டங்களுக்கு அதிர்ச்சிக்காகச் சுமையை நூறு சதவீதம் கூட்டிக்கொள்ளவேண்டும் என்று ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்கிறது. கையால் இழுக்கும் பிளாக்குக்கு இது அதிகம் என்று வாதிடுவோர் உண்டு. சிக்கிய போல்ட் திடீரென்று விடுபடும்போது ஏற்படும் உதறலைக் கேட்டறிந்த பிறகு அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே 1,080 கிலோவை நடுவில் தொங்கவிட்டதாகக் கொண்டு பார்த்ததில், ஐ.எஸ்.எம்.பி. 150 என்ற 150 மில்லிமீட்டர் உயர ஐ வடிவ பீமில் எழும் வளைவுத் தகைவு (வளைவதால் இரும்புக்குள் எழும் விசைச்செறிவு) சதுர மில்லிமீட்டருக்கு 84 நியூட்டன் அளவில் நின்றது. இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவான 250-ஐ வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் பக்கத்தில் பிடிப்பில்லாத பீம் சுமையில் பக்கவாட்டில் முறுக்கிச் சாயக்கூடியது; அந்த வரம்பு வெகு கீழே இருக்கிறது. பீமை ஒரு படி சிறிதாக்கி இரும்பை மிச்சப்படுத்தலாம் என்று சட்டத்தைச் செய்துதரும் ஃபேப்ரிகேட்டர் சொன்னதை ஏற்காததற்கு இதுவே காரணம்.

கால்களுக்கு 5 மில்லிமீட்டர் கனமுள்ள 100 மில்லிமீட்டர் சதுரக் குழாய். பட்டறையின் தரை, மண்ணின் மேல் போட்ட மெல்லிய கான்கிரீட். அதன்மேல் நேராக நிறுத்தினால் ட்ராலி ஓரத்துக்கு வரும்போது முழுச் சுமையும் ஒரு காலில் விழுந்து தரை உடையும். எனவே ஒவ்வொரு காலுக்கும் தரையை வெட்டி, 450 மில்லிமீட்டர் சதுரமும் அதே ஆழமும் கொண்ட கான்கிரீட் பாதம் போடப்பட்டது. மண்ணுக்கு வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஐந்தரை டன்னுக்குள் அடங்கியது. தோண்டியபோது கிடைத்த இறுகிய செம்மண்ணுக்கு அது எளிய பளு.

இரண்டு கால் சட்டத்தின் உண்மையான பலவீனம் முன்னும் பின்னும் சாய்வதில் இருக்கிறது. எஞ்சினைத் தூக்கியபடி காரைப் பின்னால் தள்ளும் வழக்கம் உள்ள பட்டறையில் இதைப் புறக்கணிக்க முடியாது. ஒவ்வொரு காலின் மேல்முனையையும் அருகிலுள்ள கட்டடத் தூணோடு ஓர் ஆங்கிளால் (எல் வடிவ இரும்பு) இணைத்தோம். தூணில் துளையிடாமல் அதைச் சுற்றிப் பட்டை கட்டி, ஆங்கிளின் போல்ட் துளைகளைச் செங்குத்தாக நீட்டித் துளைத்தோம். சட்டம் சாயாமல் தூண் பிடித்துக்கொள்ளும். ஆனால் எடை துளையில் வழுக்கிவிடுவதால் தூணுக்கு ஏறாது. பீமின் மேற்புறத்துக்கும் தளத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடப்பட்டது. பின்னாளில் தளம் தொய்ந்தாலும் சட்டத்தின் மேல் உட்காரக்கூடாது.

பெட்ரோலும் கழிவு எண்ணெயும் உள்ள இடம் என்பதால் வெல்டிங் முழுவதும் பீன்யாவில் உள்ள பட்டறையில் முடிக்கப்பட்டு, இங்கே 8.8 தர உயர்வலிமைப் போல்ட்களால் மட்டுமே பூட்டப்பட்டது. ஐ.எஸ்.எம்.பி. பீமின் கீழ்த்தட்டு உட்புறத்தில் சரிவானது. தட்டையான சக்கரமுள்ள ட்ராலி அதில் ஓரத்தில் மட்டும் உட்காரும். முதலில் வந்த ட்ராலி அப்படிப்பட்டதாக இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டது. பீமின் இரு முனைகளிலும் ட்ராலி வெளியே ஓடிவிடாதபடி தடுப்புகள் போல்ட்டால் பொருத்தப்பட்டன.

சோதனை

பாதங்களின் கான்கிரீட் இறுகிய பிறகு, பாதுகாப்பான சுமையைப் போல் ஒன்றேகால் மடங்கான 625 கிலோவால் சோதித்தோம். எடைக்கற்கள் தேடி அலையவேண்டியதில்லை: 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் பன்னிரண்டும், அவற்றை அடுக்கிய பலகையும் அதைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கும் சேர்ந்து அந்த எடை வந்துவிடும். சோதனை நேரத்தில் மட்டும் இதற்கென ஒரு டன் பிளாக் பயன்படுத்தப்பட்டு, உடனே அங்கிருந்து அகற்றப்பட்டது. சுமை தரையிலிருந்து நான்கு விரல் மட்டுமே எழுப்பப்பட்டது. பத்து நிமிடம் அப்படியே நிறுத்தப்பட்டு, நடுவிலும் இரு ஓரங்களிலும் திரும்பச் செய்யப்பட்டது. நடுவில் பீமின் தொய்வு கணக்கின்படி இரண்டரை மில்லிமீட்டர். அளந்ததில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. போல்ட் இணைப்புகள் இறுகுவதில் அந்த வேறுபாடு வருவது இயல்பு. தொய்வின் அளவைவிட, சுமையை இறக்கியதும் பீம் பழைய நிலைக்கே திரும்பியதா என்பதையே நான் முக்கியமாகப் பார்த்தேன். திரும்பியது. பாதங்கள் இறங்கவில்லை.

பீமின் இரு பக்கமும் "500 கிலோ" என்று பெரிய எழுத்தில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட்டது. பாதுகாப்பான சுமையைத் தெளிவாகக் குறிக்கவேண்டும், தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்கவேண்டும் என்பன 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வகுத்திருந்த விதிகள். நாலைந்து பேர் வேலை செய்யும் இப்பட்டறை அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை என்றாலும், அந்தக் கால அளவையே இங்கும் வைத்துக்கொண்டோம். பழைய ஃபேன் ஹூக் அறுத்து எடுக்கப்பட்டது. அது இருக்கும்வரை யாராவது அதில் எதையாவது மாட்டுவார்கள்.

பயன்பாட்டில் கவனிக்கவேண்டியவை

பட்டறைக்காரர் எல்லா இயந்திரங்களுக்கும் தாராளமாக எண்ணெய் விடுபவர். செயின் பிளாக்கில் சுமைச் சங்கிலிக்குச் சிறிது எண்ணெய் நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் பிரேக் உராய்வுத் தட்டுகளால் வேலை செய்வது. எண்ணெய் அங்கே இறங்கினால், கைச்சங்கிலியை விட்டதும் நிற்கவேண்டிய சுமை வழுக்கி இறங்கும். பிளாக்கின் உறையைத் திறந்து எண்ணெய் விடக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

எஞ்சினைக் கட்டும் ஸ்லிங்கின் கோணத்திலும் கவனம் தேவை. இரண்டு கால் ஸ்லிங்கின் கால்கள் ஒவ்வொன்றும் செங்குத்திலிருந்து 45 பாகை விரிந்தால் ஒவ்வொன்றிலும் சுமையில் 71 சதவீதம் வரும். 60 பாகை விரிந்தால் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் தாங்கும். எஞ்சினில் திருகும், தலையில் வளையமுள்ள ஐ போல்ட்டோ, 45 பாகை சாய்வில் தன் நேர்த்திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே வைத்திருக்கும். ஆகவே குட்டையான ஸ்லிங்கைத் தவிர்த்து நீளமானதைப் பயன்படுத்தவும், எஞ்சினில் தயாரிப்பாளர் வைத்துள்ள தூக்கும் காதுகளில் மட்டுமே மாட்டவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் நாய்ச்சங்கிலி வகையறாக்கள் தூக்குவதற்கானவை அல்ல என்பதால் அவை பட்டறையிலிருந்தே வெளியேற்றப்பட்டன. கொக்கியின் தடுப்பு நாக்கு சரியாக உட்காரவில்லை என்றால், நாக்கு கெட்டது என்று எண்ணி அதைக் கழற்றிவிடக்கூடாது. கொக்கி விரிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிக்கிய எஞ்சினை இழுக்கும் பழக்கத்துக்கு மாற்றாக ஒரு விதி வகுக்கப்பட்டது: கைச்சங்கிலி சட்டென்று கனத்தால் இழுப்பதை நிறுத்தி, சுமையைத் தளர்த்தி, கழற்றாத போல்ட்டைத் தேடவேண்டும். அந்த நேரத்தில் காரின் முன்பக்கம் எழும்புகிறதா என்று பார்ப்பது உதவியாளரின் வேலை.

எல்லாம் முடிந்தபின் பட்டறைக்காரர் கேட்டார்: "ஆட்டோ ஐந்நூறுக்குள்ளதானே சார் வரும், அதைத் தூக்கிட்டு அடியில படுத்து வேலை பாக்கலாமா?" ஆளும் சரக்கும் இல்லாத ஆட்டோவின் எடை அந்த வரம்புக்குள் வரும் என்பது உண்மை. முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ தூக்க இந்தச் சட்டம் போதும். ஆனால் செயின் பிளாக் தூக்குவதற்கும் இறக்குவதற்குமான கருவி. தூக்கியதை ஆளின் மேல் நிறுத்திவைப்பதற்கானது அல்ல. தூக்கியவுடன் வண்டியின் சட்டகத்தின் கீழ் இரண்டு ஸ்டாண்டுகளை வைத்து, பிளாக்கைத் தளர்த்தி எடை முழுவதும் ஸ்டாண்டுகளில் இறங்கிய பிறகே அடியில் செல்லலாம் என்று சொன்னேன். ஸ்டாண்டுகள் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும்; மறுவாரம் இரண்டு வாங்கி வைத்தார்.